சட்டாம்பிள்ளையா, அண்ணனா?
மாணவருக்கு மாணவரே வழிகாட்டிய வரலாறு

ஒரு பங்கு ஜூபிலி கொண்டாடும்போது, கோயில் கட்டிய கதையும் கோபுரம் எழும்பிய ஆண்டும் பணியாற்றிய பங்குத் தந்தையரின் பெயர் வரிசையும் மலரில் இடம்பெறுவது முறை. அவை இடம்பெறத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படாத வரலாறு ஒன்றும் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. புதிதாய்ச் சேர்ந்த பீடச் சிறுவனுக்கு எப்போது மணி அடிக்க வேண்டும், தூபக் கலசத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் குருவானவர் அல்லர். அவனைவிட மூன்று நான்கு வயது மூத்த இன்னொரு பையன். பூசை இலத்தீனில் நடந்த நாட்களில், பொருள் விளங்காத அந்தப் பதிலுரைகளைச் சிறுவர் நாவில் ஏற்றியவரும் மூத்த பீடச் சிறுவரே. ஞானோபதேச வகுப்பில் மந்திரம் சொல்லத் தடுமாறும் பிள்ளையைத் தனியே அழைத்து உட்கார்த்தி, நூறு முறை சொல்ல வைத்த அக்காமார் எத்தனை பேர்!

மாணவருக்கு மாணவரே வழிகாட்டுவது நேற்று வந்த புதுமை அன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பெரும் பங்கு உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து நம் பங்கு இளைஞர் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை

ஆங்கிலேயர் பள்ளிக்கூடம் வருமுன் நம் ஊர்களில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். ஒரே ஆசிரியர், எல்லா வயதிலும் பிள்ளைகள். சிறியவர் மணலில் விரலால் அரிச்சுவடி எழுதுவர். பெரியவர் ஓலையில் எழுத்தாணி பிடிப்பர். ஒருவர் எத்தனை பேரைக் கவனிக்க முடியும்? ஆகவே கெட்டிக்கார மாணவன் ஒருவனை ஆசிரியர் தமக்கு உதவியாக நியமிப்பார். அவனே சட்டாம்பிள்ளை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பள்ளி அவன் கையில். அவன் முறை சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வர். வராத பையனைப் பிடித்து வருவதும் அவன் பொறுப்பே.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சொல் இன்று நம் வாயில் எப்படி வழங்குகிறது? 'பெரிய சட்டாம்பிள்ளை வந்துவிட்டான்' என்றால் அது பாராட்டன்று, ஏச்சு. அதிகாரம் செய்வதற்கே 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்று பெயர் வைத்துவிட்டோம். சட்டாம்பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்து அடியிலிருந்து தப்பித்த கதைகளைக் கிராமத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாடம் சொல்லித் தந்த மாணவனை நம் மொழி மறந்துவிட்டது. பிரம்பு பிடித்த மாணவனை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. இது சிந்திக்கத் தக்கது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

1787-இல் சென்னைக்கு வந்து இறங்கினார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆங்கிலிக்கன் சபைக் குருவான இவர், 1789-இல் எழும்பூரில் தொடங்கப்பெற்ற ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். கும்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகளே அங்கு வளர்ந்தனர். போதிய ஆசிரியர் இல்லை. இருந்தவர்களும் புதிய முறை எதையும் ஏற்க மறுத்தனர்.

அந்நிலையில், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்ய ஆசிரியரைக் கேட்டார். அவர் முடியாது என்றார். உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, சிறிய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று! பிறகு வகுப்புத் தோறும் மாணவரே ஆசிரியராயினர். 1796-இல் ஊர் திரும்பிய பெல், அடுத்த ஆண்டே இச்சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையார் ஏழைகளின் கல்விக்காகத் தேசியக் கழகம் ஒன்றை நிறுவி, பள்ளிகளில் இம்முறையைப் புகுத்தினர். பெல் பிறந்த ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது. நம் ஊர் மணலில் எழுதிய எழுத்து அவ்வளவு தூரம் சென்றது.

அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் சமய இளைஞர், 1798 முதல் இதைப் போன்ற பள்ளியை நடத்தினார். ஓர் ஆசிரியர் இருந்தால் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார். ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் எழுத்தறிந்தனர் என்பது உண்மை. ஆனால் அங்கே மாணவத் தலைவன் ஓர் இயந்திரத்தின் சக்கரம் ஆனான். தான் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பிப்பான். தவறு செய்தவனை ஆசிரியரிடம் எழுதிக் கொடுப்பான். லங்காஸ்டர் பிரம்படியை வெறுத்தவர். ஆயினும், குற்றம் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவதும், கூடையில் ஏற்றித் தொங்கவிட்டு மற்றவர் சிரிக்கச் செய்வதும் அவர் முறையில் இருந்தன. 1846-இல் இங்கிலாந்து அரசே இம்முறையை விட்டு, பதின்மூன்று வயது நிரம்பிய மாணவரை ஐந்தாண்டு பயிற்றுவித்து ஆசிரியராக்கும் வேறு ஏற்பாட்டுக்கு மாறியது.

மெட்ராஸ் முறை ஏன் நீடிக்கவில்லை? அது மாணவத் தலைவனிடம் கேட்டது பாடத்தை மட்டுமே. சிறியவன்மேல் அவனுக்கு அன்பு இருக்கிறதா என்று அது கேட்கவில்லை.

திருச்சபையின் பள்ளிகளில்

பெல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே கத்தோலிக்கப் பள்ளிகளில் மாணவர் பொறுப்பேற்றிருந்தனர். 1599-இல் வெளிவந்த சேசு சபைக் கல்வி விதிகளில், ஒவ்வொரு வகுப்பிலும் பத்துப் பேருக்கு ஒருவன் போல மாணவர்த் தலைவரை நியமித்து, மனப்பாடம் கேட்கவும் எழுத்துப் பயிற்சிகளைச் சேர்க்கவும் செய்யும் ஏற்பாடு உண்டு. அதைவிட முக்கியமானது அதற்கும் முந்தியது. 1563-இல் உரோமைக் கல்லூரியில் ஜான் லெயூனிஸ் என்ற இளம் சேசு சபை ஆசிரியர், வகுப்பு முடிந்தபின் மாணவர் சிலரைச் சேர்த்து மாதா சபை ஒன்றைத் தொடங்கினார். அவர்கள் கூடிச் செபிப்பர். ஒருவரையொருவர் நல்வழியில் ஊக்குவிப்பர். நோயாளரையும் எளியோரையும் நாடிச் செல்வர். 1584-இல் திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் அதனை அதிகாரப்பூர்வமாக அங்கீகரித்தார். நம் ஊர்ப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் நீலப் பட்டியும் பதக்கமும் அணிந்து நின்ற மாதா சபைப் பிள்ளைகள் அந்த மரத்தின் கிளைகளே. பெண் பிள்ளைகளுக்கென 'மரியாயின் பிள்ளைகள்' சபைக்கு 1847-இல் திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் அனுமதி தந்தார். கன்னியர் நடத்திய பள்ளிகளில் எத்தனையோ அக்காமாரை உருவாக்கியது அது.

பிரான்சு நாட்டில் 1680-ஆம் ஆண்டளவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கிய புனித லசாலின் முறை இன்னும் நுட்பமானது. அவருடைய பள்ளிகளில் மாணவருக்குப் பல சிறு பொறுப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று, வராத பிள்ளைகளைப் பார்த்துவரும் பொறுப்பு. தெருவுக்கு இன்னார் என்று மாணவர் நியமிக்கப்படுவர். ஒரு பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் அவர்கள் வீட்டுக்குப் போய்க் காரணம் விசாரிப்பர். நோயுற்றவனாயின் அவனைத் தேற்றிவிட்டு வருவர். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையும் வராதவன் வீட்டுக்குப் போனான். பிடித்து இழுத்து வரப் போனான். லசாலின் மாணவனும் போனான். நலம் கேட்கப் போனான். கால் நடந்த தூரம் ஒன்றே. போன மனம் வேறு.

துரின் நகரத்துச் சிறுவர்

தொன் போஸ்கோவை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை. ஆயினும் அவர் குருவாகுமுன், கியேரி நகரில் மாணவராக இருந்தபோதே 1832-இல் 'மகிழ்ச்சிக் கழகம்' என்ற ஒன்றைத் தொடங்கினார் என்பதைப் பலர் அறியார். முகம் வாடக் கூடாது, கடமை தவறக் கூடாது, கிறிஸ்தவனுக்கு ஒவ்வாததைப் பேசவோ செய்யவோ கூடாது என்பவையே அதன் விதிகள்.

பின்னர் துரினில் அவர் சேர்த்து வளர்த்த சிறுவர்களுக்கு 1854-இல் சோதனை வந்தது. நகரில் வாந்திபேதி பரவியது. பெற்றோரே பிள்ளைகளை விட்டு ஓடிய நேரத்தில், தொன் போஸ்கோவின் பிள்ளைகள் பலர் தாமாக முன்வந்து நோயாளரைத் தூக்கிச் சென்றனர், கழுவினர், காவலிருந்தனர். துணி போதாதபோது அவருடைய தாயார் மார்கரித்தம்மாள் வீட்டுத் துணிகளோடு பீடத் துணிகளையும் எடுத்துக் கொடுத்தார். அச்சிறுவர்களில் ஒருவரையும் அந்நோய் தீண்டவில்லை. அவர்களுக்குக் கட்டளையிட்டு அனுப்பவில்லை, கூப்பிட்டார், போனார்கள்.

அதே ஆண்டின் அக்டோபர் மாதம் அங்கு வந்து சேர்ந்தான் தோமினிக் சாவியோ. 1856 ஜூன் 8-ஆம் நாள் தோழர்களோடு அமல உற்பவ மாதா கழகத்தைத் தொடங்கினான். இக்கழகத்து மாணவர் ஒவ்வொருவரும், புதிதாக வந்து தனிமையில் வாடும் பையனையோ, யாருக்கும் அடங்காத முரட்டுப் பையனையோ தம் பொறுப்பில் ஏற்பர். அவனோடு விளையாடுவர்; பாடத்தில் உதவுவர்; சண்டையிட்டால் சமாதானம் செய்வர். காவல் சம்மனசு போல இருப்பர் என்றே சொல்லலாம். அவர்கள் கையில் பிரம்பு இல்லை, குறிப்பேடும் இல்லை. அடுத்த ஆண்டு மார்ச்சு 9-இல், பதினைந்து வயது நிரம்புமுன் சாவியோ இறந்தான். ஆனால் அவன் தொடங்கிய கழகம் இறக்கவில்லை. 1859-இல் சலேசிய சபை உருவானபோது அதன் முதல் உறுப்பினர் பலர் அக்கழகத்து மாணவரே. அவர்களுள் ஒருவரான மிக்கேல் ருவா, தொன் போஸ்கோவுக்குப்பின் சபையின் தலைவரானார். 1906-இல் சலேசியர் தஞ்சைக்கு வந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடையே பணி தொடங்கியபோது, தலைமை தாங்கி இருந்தவரும் அவரே.

கேள்வி கேட்ட மாணவனும் பதில் தந்த மாணவனும்

பள்ளிக்கு உள்ளே நடந்ததைச் சொன்னோம். பள்ளியை விட்டுத் தெருவுக்குப் போன மாணவரும் உண்டு. பிரெடெரிக் ஓசானாம் 1831-இல் சட்டம் படிக்கப் பாரிசுக்கு வந்தார். மாணவர் விவாத மன்றத்தில் திருச்சபையின் பழம்பெருமையை அவர் எடுத்துரைத்தபோது, எதிர்த்தரப்பு மாணவன் ஒருவன், உங்கள் திருச்சபை முன்பு செய்தது சரி, இன்று ஏழைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். ஓசானாம் அதற்குச் சொல்லால் பதில் தேடவில்லை. 1833 ஏப்ரல் 23, அவருக்கு இருபது வயது நிரம்பிய நாள். அன்று சில மாணவத் தோழரும் எம்மானுவேல் பெய்யி என்ற மூத்தவரும் சேர்ந்து முதல் கூட்டம் நடத்தினர். அதுவே இன்று பங்குதோறும் நாம் காணும் புனித வின்சென்ட் தே பவுல் சபை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மாணவருக்கு ஆர்வம் இருந்தது. ஏழையின் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று தெரியவில்லை. பாரிசின் மிக வறிய பகுதியில் பணிபுரிந்த சகோதரி ரோசலி ரெண்டுவே அவர்களுக்கு வீடுகளைக் காட்டினார். எப்படிப் பேசுவது, எப்படிக் கொடுப்பது என்று பழக்கினார். இளைஞர் முன்னே நடந்தனர். அனுபவம் மிக்க ஒருவர் பின்னே நின்றார். இரண்டும் சேர்ந்ததால் அச்சபை நிலைத்தது. ஓசானாமுக்கு 1997-இல் பாரிசில், உலக இளைஞர் கூடியிருந்த நாட்களில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முத்திப்பேறு பட்டம் அளித்தது பொருத்தமே.

பெல்ஜியம் நாட்டில் 1882-இல் பிறந்த ஜோசப் கார்டைன் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வீடு வந்தபோது, உடன் படித்துவிட்டு ஆலைக்குப் போன பழைய தோழர்கள் அவரை அந்நியனாகப் பார்த்தனர். அந்த வேதனையே அவர் வாழ்வின் விதை. தொழிலாளனை ஈர்ப்பவன் தொழிலாளனே, மாணவனை ஈர்ப்பவன் மாணவனே என்று உணர்ந்தார். 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருவாயிற்று. அதே வழியில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் தோன்றியது. சிறு குழுவாகக் கூடு, உன்னைச் சுற்றி நடப்பதைப் பார், நற்செய்தியின் ஒளியில் ஆராய், பிறகு செயல்படு. இதுவே அவர் முறை. திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1961-இல் எழுதிய சுற்றுமடலில் இம்முறையை எடுத்தாண்டார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், இளைஞரிடையே முதல் அப்போஸ்தலர் இளைஞரே ஆக வேண்டும் என்று பொதுநிலையினர் பணி பற்றிய ஏட்டில் தெளிவுபடுத்தியது.

நம் நாட்டில்

நம் சென்னையில் 1924-இலேயே கத்தோலிக்கக் கல்லூரி மாணவரின் பேரவை தோன்றி, 'ஐக்கப்' என்று அனைத்திந்திய அளவில் வளர்ந்தது. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ஆம் நாள், மத்திய அரசு 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவரைக் கொண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. எனக்கன்று, உனக்கு என்னும் கருத்தே அதன் குறிக்கோள். கிராமத்தில் தங்கிச் சாலை போட்டும் மரம் நட்டும் எழுத்துக் கற்பித்தும் பழகிய தலைமுறைகள் அதிலிருந்து வந்தன. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் இரவு நேரங்களில் முதியோருக்கு எழுத்துக் கற்பித்தவருள் இளைஞர் பலர். கொரோனா காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தபின், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யிலும், மாலைதோறும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆயிரமாயிரம் இளம் பெண்கள் முன்வந்ததைக் கண்ணாரக் கண்டோம்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. மூத்த மாணவன் இளையவனுக்குத் துணையாவதற்குப் பதிலாக அவனைக் கேலி செய்து துன்புறுத்தும் வழக்கம் கல்லூரிகளில் வளர்ந்தது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டது தமிழகத்தையே உலுக்கியது. 1997-இல் ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. மூத்தவனுக்கு அதிகாரத்தை மட்டும் கொடுத்து, பணியைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டுமா?

நம் பங்குக்கு ஒரு வேண்டுகோள்

இந்த நானூறு ஆண்டு வரலாற்றைப் படித்தபோது நம் மனத்தில் பட்டதை அன்பர்கள்முன் வைக்கிறோம். மாணவத் தலைமை இரு வகை. ஒன்று, பிறர்மேல் வைக்கப்படுவது. மற்றது, பிறரிடம் அனுப்பப்படுவது. மேலே வைத்தவன் சட்டாம்பிள்ளையாகிறான்; அனுப்பப்பட்டவன் அண்ணனாகிறான், அவள் அக்காவாகிறாள். பெரிய வியாழனன்று கால் கழுவும் சடங்கில் நாம் காண்பதும் இந்த இரண்டாம் வகைத் தலைமையே அன்றோ?

இன்று நம் பங்கின் நிலை என்ன? மேல் வகுப்பு மாணவருக்கு நேரமில்லை. காலையில் டியூஷன், மாலையில் டியூஷன், ஞாயிறன்று நுழைவுத் தேர்வுப் பயிற்சி. பெற்றோரைக் குறை சொல்லவில்லை. மதிப்பெண் இல்லாமல் கதவு திறக்காத காலம் இது. ஆனால் அதே தெருவில், வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லாமல், பணம் கட்டி டியூஷன் போகவும் வழியில்லாமல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருக்கிறது. பள்ளியை இடையில் விட்டு நிற்பதும் இத்தகைய பிள்ளைகளே. நமது மாணவத் தலைவர்கள் மார்பில் பட்டை குத்திக்கொண்டு நிற்பதோடு கடமை முடிந்ததா?

ஆகவே ஜூபிலி நினைவாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். வாரத்தில் மூன்று மாலை, ஒன்றரை மணி நேரம், பங்கு மன்றத்தின் கதவுகள் திறந்திருக்கட்டும். பதினோராம் வகுப்பு மாணவரும் கல்லூரி மாணவரும் ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளைப் பொறுப்பேற்கட்டும். சமய வேறுபாடு பாராமல் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வரட்டும். அடிக்கவோ தண்டிக்கவோ யாருக்கும் உரிமை வேண்டாம். வராத பிள்ளையின் வீட்டுக்கு மறுநாளே இருவர் சென்று நலம் கேட்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவராவது எப்போதும் உடனிருக்கட்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது தேவை, இளையோருக்கும் அது பயிற்சி. வாரம் ஒருமுறை அனைவரும் கூடி, கண்டதைப் பேசி, ஆராய்ந்து, அடுத்த வாரத்துக்கு ஒன்றைத் தீர்மானிக்கட்டும். பொதுத் தேர்வு மாதங்களில் தேர்வெழுதுவோருக்கு விடுப்புக் கொடுத்து, கல்லூரி மாணவர் அந்த இடத்தை நிரப்பட்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. மின்விளக்கும் பாயும் கரும்பலகையும் போதும்.

இதனால் இளைய பிள்ளைக்கு மட்டுமே நன்மை என்று எண்ண வேண்டாம். பின்னக் கணக்கைப் பிறருக்கு விளக்க முயன்றவருக்குத் தெரியும், தமக்கு அது எவ்வளவு தெரியும் என்று. பொறுமையும் நேரம் தவறாமையும் எளியவரோடு சரிக்குச் சரியாய்ப் பேசும் பழக்கமும் எந்தப் பயிற்சி நிலையத்திலும் விற்கப்படுவதில்லை. நாளைக்குப் பங்குப் பேரவையிலும் ஊராட்சியிலும் அலுவலகத்திலும் பொறுப்பேற்கப் போகிறவர்கள் அந்தப் பாயில்தான் உருவாவார்கள்.

பழைய ஏற்பாட்டில் ஜூபிலி ஆண்டு என்பது கடன் தீரும் ஆண்டு. நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கடன் உண்டு. அகரம் சொல்லித் தந்த அக்கா, சைக்கிள் பிடித்துக் கற்றுக் கொடுத்த அண்ணன், கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித் தந்த எதிர்வீட்டு இளைஞர் என்று நம்மைக் கைப்பிடித்து ஏற்றியவர்கள் பலர். அவர்களில் பலரிடம் அதைத் திருப்பிச் செலுத்த இனி வழியில்லை. இளையவரிடமே செலுத்த வேண்டும். நம் பங்கின் அடுத்த ஜூபிலி மலரை எழுதப் போகிறவர்கள் இன்று நான்காம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் அந்த மலரில் தங்கள் அண்ணன்மாரையும் அக்காமாரையும் நன்றியோடு குறிப்பிடும்படி நம் மாணவர் வாழ இறைவன் அருள்புரிவாராக.